வாதாம் இலையின் சிவப்பு, மாங்குயிலின் மஞ்சள்

பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கை தெருவைவிட்டுப் போன சில வாரங்களில் சென்னையின் வாதாம் மரங்கள் நிறம் மாறத் தொடங்குகின்றன. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இலைகள், பிறகு கிளை கிளையாக, கடைசியில் மொத்த மரமும் மஞ்சளும் ஆரஞ்சும் அடர்சிவப்புமாக நிற்கிறது. அமெரிக்காவின் மேப்பிள் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கைப்பேசியில் படம் காட்டும்போதெல்லாம் எனக்கு நம் தெருமுனை வாதாம் மரம்தான் நினைவுக்கு வருகிறது. அழகில் அது எதற்கும் குறைந்ததில்லை. நாம்தான் அதை ஒரு பருவமாகப் பார்க்காமல், வாசலில் சேரும் குப்பையாகப் பார்க்கிறோம். அதே வாரங்களில் அந்த மரங்களுக்கு வந்துபோகும் பறவைகளின் நிறத்துக்கும் இந்த இலைகளுக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது.

குளிர்நாடுகளில் இலைக்கு முதல் செய்தி சொல்வது பகலின் நீளம். லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். உறைய வைக்கும் குளிரும் இங்கே கிடையாது. இங்கே மரத்தின் ஆண்டைப் பெரிதும் தீர்மானிப்பது தண்ணீர். நகரத்தின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்கிறது. ஐரோப்பா இலை உதிர்க்கும் அந்த மாதங்களில் சென்னை மிகப் பசுமையாக இருக்கிறது. ஜனவரியில் மழை நின்று மண் காயத் தொடங்குகிறது. இலை என்பது ஓயாமல் நீரை ஆவியாக்கி வெளியேற்றும் உறுப்பு. அதைச் சுமந்துகொண்டு வறண்ட மாதங்களைக் கடப்பது மரத்துக்குச் செலவு. ஆகவே வாதாம், அரசு, ஒதியன் போன்றவை, ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி, இலையைக் கழற்றுகின்றன. ஒதியன் மொட்டையாகவே நிற்கும். அரசு பழைய இலையைக் கொட்டிய கையோடு புதிய இலையை விட்டுவிடும். வாதாம் மரம் பெரும்பாலும் ஆண்டில் இரண்டாவது முறையும் உதிர்க்கும்.

கழற்றுவதற்கு முன்னால் மரம் செய்யும் வேலைதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் தாங்கள் மாட்டிய மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போவதைப்போல, மரம் இலையிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. முக்கியமாக நைட்ரஜன், பாஸ்பரஸ். இலையில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி இப்படித் தண்டுக்குத் திரும்பிவிடும். அந்த நைட்ரஜனின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களில் இருக்கிறது. புரதங்களைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், அவற்றோடு ஒட்டியிருக்கும் பச்சையத்தை முதலில் கவனித்தாக வேண்டும். ஏனென்றால் பச்சையம், புரதத்தின் பிடியை விட்டுத் தனியாகிவிட்டால் ஆபத்தானது. வெளிச்சம் பட்டதும் ஆற்றலை ஏற்றுக்கொள்வது அதன் இயல்பு. போக்கிடம் இல்லாத அந்த ஆற்றல் ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, செல்லையே சிதைத்துவிடும். எனவே இலை, பச்சையத்தைப் படிப்படியாக உடைத்து, நிறமற்ற பொருள்களாக்கிப் பத்திரமாக ஒதுக்கி வைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அதன் விளைவு மட்டும்: பச்சை மறைகிறது.

பச்சை மறைந்ததும் வெளிப்படும் மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கரோட்டினாய்டு என்ற நிறமிகள் இலை தளிராக இருந்த நாள் முதல் அங்கேயே இருந்தவை. ஒளியைப் பிடிக்க உதவுவதும், மிகையான ஒளியிலிருந்து காப்பதும் அவற்றின் வேலை. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைச் சாகப்போகும் இலை தன் சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகத் தயாரிக்கிறது. காலி செய்கிற வீட்டுக்கு எதற்குப் புதுச் சாயம்? இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. 2001இல் வெளியான கட்டுரையில் உயிரியலாளர்கள் வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரவுனும் முன்வைத்த கருத்தின்படி, இது பூச்சிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை: நான் வலுவான மரம், இங்கே முட்டையிட்டு ஏமாறாதே. இன்னொரு விளக்கத்தில் ஆந்தோசயனின் ஒரு வெயில் திரை. பச்சையம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இலைக்குள் நுழையும் மிகையான ஒளியை அது தடுத்து, பொருள்களை மீட்கும் வேலைக்கு நேரம் வாங்கித் தருகிறது. சென்னை வெயிலில் நிற்கும் ஒரு மரத்துக்கு இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மாமரத்தின் தளிரும் அரச மரத்தின் தளிரும் செம்பு நிறத்தில் இருப்பதும் இதே நிறமியால்தான். இலையின் இயந்திரங்கள் முழுமையாகத் தயாராகாத பருவத்திலும் அவை கலைக்கப்படும் பருவத்திலும் சிவப்பு வருகிறது என்றால், அது காவல் வேலைக்காக வருகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. ஆந்தோசயனின் உருவாக வெளிச்சம் தேவை. ஆகவே இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில், நிழலில் இருந்த பகுதி சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

மீட்பு முடிந்ததும் காம்பின் அடியில் பிரியும் வேலை நடக்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைய, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன் கூட, அங்குள்ள மெல்லிய செல் அடுக்கின் சுவர்கள் கரைகின்றன. லேசான காற்று போதும்.

இப்போது பறவைகளுக்கு வருவோம். குளிர்மாதங்களில் சென்னைத் தோட்டங்களுக்கு வரும் மாங்குயிலின் மஞ்சளைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அந்த மஞ்சளும் கரோட்டினாய்டுதான். பறவையால் அதைத் தன் உடலில் உருவாக்க முடியாது. தாவரமோ பாசியோ உருவாக்கியதைச் சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். இலையைத் தின்னும் புழுவின் உடலில் இலையின் கரோட்டினாய்டு சேர்கிறது. அந்தப் புழுவையும் ஆலம்பழம் போன்ற கனிகளையும் மாங்குயில் தின்கிறது. புதுச் சிறகு முளைக்கும்போது நிறமி அதில் படிகிறது. உதிரும் வாதாம் இலையின் மஞ்சளும் கிளையில் அமர்ந்திருக்கும் பறவையின் மஞ்சளும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். பழவேற்காட்டில் இறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் இப்படி உணவிலிருந்து வந்ததுதான். தென்னை மரத்தைத் தட்டும் பொன்முதுகு மரங்கொத்தி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொண்டையின் சிவப்புக்காக, உண்ட மஞ்சள் நிறமியை உடலிலேயே வேதிமாற்றம் செய்துகொள்கிறது. இப்படி மஞ்சளைச் சிவப்பாக்கும் மரபணு எது என்பதை 2016இல் கேனரி உள்ளிட்ட பறவைகளில் கண்டறிந்தார்கள்.

நீலம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. மீன்கொத்தியின் முதுகிலோ பனங்காடையின் இறக்கையிலோ நீல நிறமி என்று எதுவுமே இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், நோபல் பரிசு பெற்ற நான்கு ஆண்டுகளில், 1934இல், பனங்காடையின் சிறகு நிறத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வானத்தையும் கடலையும் பார்த்து நீலத்தைப் பற்றி யோசித்தவர், சிறகையும் விட்டுவைக்கவில்லை. சிறகை ஆக்கியிருக்கும் கெரட்டின் என்ற புரதத்துக்குள் மிக நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவில் ஒழுங்காக அமைந்திருப்பதால், சிதறும் ஒளியில் நீல அலைகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வருகின்றன. இந்த ஒழுங்கை 1998இல் பறவையியலாளர் ரிச்சர்ட் ப்ரமும் அவருடைய குழுவினரும் தெளிவாகக் காட்டினார்கள். பூங்காவில் மீன்கொத்தியின் நீலச் சிறகு கிடந்தால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி பின்னாலிருந்து ஊடுருவும்போது நீலம் காணாமல் போய், உள்ளே இருக்கும் மெலனின் என்ற நிறமியின் பழுப்பு மட்டும் தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடலாம்.

கிளியின் பச்சை இந்த இரண்டு வழிகளின் கூட்டு. உள்ளமைப்பு நீலத்தைத் தருகிறது. அதன் மேல் மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது. அந்த மஞ்சள் கரோட்டினாய்டு அல்ல. கிளி இனங்கள் மட்டுமே தம் உடலில் தயாரிக்கும் தனி நிறமி. ஆக, மரத்தின் பச்சைக்கும் அதில் மறைந்து உட்காரும் கிளியின் பச்சைக்கும் வேதியியலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நம் கண்ணுக்குத்தான் இரண்டும் ஒன்று.

உதிர்ந்த இலைக்கும் ஒரு பறவை காத்திருக்கிறது. அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி, சென்னையின் தோட்டங்களில் தரையில் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழுக்களையும் பூச்சிகளையும் தேடுகிறது. கிண்டியிலும் அடையாற்றின் பழைய தோப்புகளிலும் மட்டுமல்ல, சருகு கிடக்கும் வீட்டுக் கொல்லையிலும் அதற்கு இரை கிடைக்கும். காலையிலும் மாலையிலும் இரண்டு சுரங்களில் எழும் அதன் விசில்தான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். சருகைக் கொளுத்தினால் புகை மிஞ்சுகிறது; ஒரு மரத்தடியில் குவித்து விட்டால், மரம் மீட்காமல் விட்ட மீதிச் சத்தை மண்புழுவும் பூஞ்சையும் வேருக்குத் திருப்பித் தருகின்றன. மழைக்காலத்தில் வரும் இந்தக் குருவி, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்பும்வரை அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்கும்.