ஷட்டர் திருகில் இருக்கும் அதிகாரம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேட்டூரைத் திறக்க முதலமைச்சர் வருகிறார், கல்லணையைத் திறக்க அமைச்சர்கள் வருகிறார்கள். ஆனால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பது மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கையில்தான் இருக்கிறது. பதவியில் கடைசியில் இருப்பவருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?"

அருமையான கேள்வி. நிறுவனங்களை ஆராய்பவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டும் கேள்வியும் இதுதான்.

ஆணை இறங்கும் வழி நமக்குத் தெரிந்ததுதான். ஜூன் 12-ஐக் கணக்கு வைத்து மேட்டூர் திறக்கும். தண்ணீர் முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும். கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் என்று உத்தரவு படிப்படியாக இறங்கி லஸ்கரிடம் போய் நிற்கும். காகிதத்தில் பார்த்தால் அவர் வெறும் கை. சொன்னதைத் திருப்புபவர்.

1950-களில் மிஷேல் குரோசியே என்ற பிரெஞ்சு சமூகவியலாளர், அந்நாட்டு அரசுப் புகையிலை ஆலைகளில் இதைத்தான் கவனித்தார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு. யார் எந்த வேலைக்குப் போவது என்பதைக்கூடப் பணிமூப்புதான் தீர்மானிக்கும். மேலாளர் தன் விருப்பப்படி செய்ய அநேகமாக எதுவும் இல்லை. விதிக்கு அடங்காதது ஒன்றே ஒன்று: இயந்திரம் எப்போது நின்றுபோகும் என்பது. நின்றால் ஓட வைக்கத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டும். இயந்திர வரைபடங்களும் பழுதுபார்ப்புக் குறிப்புகளும் ஆலையில் காணாமல் போயிருந்தன. வித்தை வாய்வழியாகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. இயந்திரத்தில் மற்றவர் கைவைப்பதை அவர்கள் விடவில்லை. குரோசியே கண்டது இதுதான்: விதிகள் எங்கே முடிகின்றனவோ, அங்கே மிஞ்சும் நிச்சயமின்மையைக் கையில் வைத்திருப்பவருக்கே மற்றவர்கள் பணிய வேண்டியிருக்கிறது.

சரி, மதகில் அப்படி என்ன நிச்சயமின்மை? "விநாடிக்கு 18 கனஅடி விடு" என்றால் ஷட்டரை இத்தனை அங்குலம் தூக்கினால் போதாதா? போதாது. இந்த இடத்தில்தான் இயற்பியல் நிறுவனவியலுக்குள் நுழைகிறது.

டெல்டா தட்டையான பூமி. பெரும்பாலான மதகுகளில் ஷட்டரின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும். துவாரம் முழுக்க நீருக்குள் மூழ்கியிருக்கும். அப்போது பாயும் அளவு, துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது மட்டுமல்ல. ஆற்றுப் பக்க மட்டத்துக்கும் வாய்க்கால் பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. ஒரு மீட்டர் அகல ஷட்டரை 30 செ.மீ. தூக்கியிருக்கிறோம், மட்ட வித்தியாசம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர். துவாரத்தில் நீர் சுருங்கிப் பாய்வதற்காக 0.6-ஆல் பெருக்கினால் விநாடிக்கு அரை கனமீட்டர், அதாவது சுமார் 18 கனஅடி. உத்தரவு அப்படியே நிறைவேறிவிட்டது.

இரவோடு இரவாகக் கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆகாயத்தாமரை ஒரு குழாய்ப் பாலத்தை அடைக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் தேங்கி ஏறி நிற்கிறது. மட்ட வித்தியாசம் 40-லிருந்து 10 செ.மீ. ஆகிறது. வித்தியாசம் கால்வாசியானால் பாய்ச்சல் பாதியாகும்: 9 கனஅடி. ஷட்டரை யாரும் தொடவில்லை. திருகு அதே மரையில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 9 கனஅடி குறைந்தால், வழியில் ஊறிப்போவதைக் கணக்கில் சேர்க்காமலே, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட வேண்டிய நூறு ஏக்கருக்கு மேல் காய்ந்து கிடக்கும்.

இதைச் சரிசெய்ய யாராவது அங்கே நின்று, இரண்டு பக்கத்து மட்டத்தையும் பார்த்து, அடைப்பு எங்கே என்று ஊகித்து, எத்தனை சுற்று ஏற்றலாம் என்று முடிவெடுக்க வேண்டும். அதிகமாக ஏற்றினால் கரை உடையும். எந்த மரை வழுக்கும், எந்த ஷட்டர் அடியில் கல் சிக்கியிருக்கிறது என்பதும் லஸ்கருக்குத்தான் தெரியும். தஞ்சாவூர் அலுவலகத்தில் இருப்பவரால் இது முடியாது. ஆகவே அந்தச் சுற்றுகளை அந்த வேலையின் அமைப்பே அவரிடம் கொடுக்கிறது. "அந்த ஆள் சரியில்லை, மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதை நான் மூடநம்பிக்கையில்தான் சேர்ப்பேன். ஆளை மாற்றினால் அடுத்து வருபவர் கையிலும் அதே திருகுதான் இருக்கும்.

ஆனால் அதே திருகுக்கு எல்லா ஊரிலும் ஒரே மதிப்பு இல்லை. 1962-ல் ரிச்சர்ட் எமர்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு எளிய சமன்பாடு தந்தார்: உங்கள் மேல் எனக்குள்ள அதிகாரம் என்பது நீங்கள் என்னைச் சார்ந்திருக்கும் அளவு. மாற்று வழி கிடைத்தால் சார்பு குறையும். கும்பகோணம், பாபநாசம் பக்கம் நல்ல தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு உள்ளவர், தண்ணீர் முறை தவறினாலும் மோட்டாரைப் போட்டுக்கொள்வார். வேதாரண்யம், தலைஞாயிறு கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. அங்கே வாய்க்கால் ஒன்றுதான் வழி. அதனால்தான் ஒரே பதவி தலைமடையில் சாதாரண வேலையாகவும் கடைமடையில் பெரிய அதிகாரமாகவும் இருக்கிறது. 1971-ல் ஹிக்சனும் நான்கு சக ஆய்வாளர்களும் நிறுவனத்தின் துறைகளை வைத்து இதையே விரித்தார்கள்: ஒரு துறை நிச்சயமின்மையைச் சமாளிக்க வேண்டும், மற்ற வேலைகள் அதைத் தொட்டு நிற்க வேண்டும், வேறொருவர் அதைச் செய்ய முடியாதிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் செல்வாக்கு.

கடைமடைக்காரரும் வெறும் பார்வையாளர் அல்ல. வரப்பைத் தட்டுவது, இரவில் மடை காப்பது, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்பது, சாலையில் உட்காருவது எல்லாமே அதிகாரிகளுக்கு நிச்சயமின்மையை உண்டாக்கும் செயல்கள். நாளை மறியல் நடக்குமா என்று தெரியாத அதிகாரி, இன்றே தொலைபேசியை எடுக்கிறார்.

தொலைவிலிருந்து இயக்கும் தானியங்கி ஷட்டர் வந்தால் தீர்ந்துவிடுமா? மட்டம் காட்டும் கருவியில் வண்டல் படிந்தால் திரையில் பொய்யான எண் வரும், மின்சாரம் போனால் மறுபடி கைத்திருகுதான். அப்போது லஸ்கர் இருந்த இடத்தில் கருவியைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர் நிற்பார். காங்கிரீட் தளத்துக்கும் கருவிக்கும் கோடிகள் ஒதுக்கும்போது, ஒரு பாசனப் பருவம் முழுக்க மதகடியில் உட்கார்ந்து இந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று குறிப்பெடுக்க ஓர் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகையும் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். குரோசியே செய்ததும் ஆட்களிடம் உட்கார்ந்து பேசியதுதான்.

அதுவரை ஊரே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதகின் இரு பக்கச் சுவரிலும் செ.மீ. அளவு எழுதுங்கள், இரண்டுக்கும் பூஜ்ஜியம் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். காலை, மாலை இரு வேளையும் இரண்டு மட்டத்தையும், ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதையும் நோட்டில் குறியுங்கள். ஷட்டர் தூக்கிய ஒவ்வொரு அளவுக்கும், வித்தியாசம் 10, 20, 30, 40 செ.மீ. ஆனால் எத்தனை கனஅடி என்ற அட்டவணையை உதவிப் பொறியாளரிடம் கேட்டு வாங்கி மதகுச் சுவரிலேயே எழுதி வையுங்கள். நோட்டை லஸ்கரும் ஊராரில் ஒருவரும் சேர்ந்து எழுதட்டும். அடைப்பு கீழே இருக்கிறதா, ஆற்றிலேயே தண்ணீர் இல்லையா என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்: கீழ் மட்டம் ஏறியிருந்தால் அரிவாளோடு வாய்க்காலுக்குப் போக வேண்டும், மேல் மட்டம் இறங்கியிருந்தால் மனுவோடு அலுவலகத்துக்கு.