கால் கட்டைவிரலும் யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டும்

காலையில் க்ளினிக் கதவைத் திறக்கும்போதே வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுபவர், வயது 46. ஒரு காலில்தான் செருப்பு. இன்னொரு செருப்பு மனைவி கையில். "ராத்திரி நல்லாத்தான் சார் படுத்தேன். ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு. போர்வை பட்டாலே உயிர் போகுது." கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். வலி இன்னும் கூடிப்போனது.

இதுதான் கவுட். மூட்டில் எந்த வலி வந்தாலும் 'வாதம்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இது தனி நோய். இரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் முழுதாகக் கரைந்து நிற்காது. அந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிலருக்கு மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் சேரும். ஒருநாள் உடம்பின் வெள்ளணுக்கள் அந்தப் படிகங்களை விழுங்கப் பாயும். அந்தக் கொந்தளிப்புதான் நடுராத்திரி வலி.

அவருக்கு இது மூன்று வருடத்தில் நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறார், சரியாகிவிட்டது. போன தடவை வலியோடு எடுத்த ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 6.1 என்றிருந்ததால், "கவுட் இல்லை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு தற்காலிகமாக இறங்கியிருக்கலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முழங்கையைக் காட்டச் சொன்னேன். கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. கொழுப்புக்கட்டி என்று விட்டிருக்கிறார். மெல்லிய தோலுக்கு அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் தெரிந்தது, யூரிக் ஆசிட் படிகங்கள்தான். வலி இல்லாத மாதங்களிலும் படிகம் சேர்ந்துகொண்டேதான் இருந்தது.

இவருக்கு வேண்டியது இரண்டு வைத்தியம். வலியை அடக்குவது சில நாள் வேலை. யூரிக் ஆசிடைக் குறைப்பது வருடக்கணக்கான வேலை. அலோபியூரினால் என்ற மாத்திரையை 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும்வரை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இவரைப் போலக் கட்டி இருந்தால் 5-க்குக் கீழே. இங்கேதான் ஒரு சிக்கல். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் வலி மறுபடி எட்டிப்பார்க்கும். "உங்க மாத்திரையாலதான் சார் வந்துச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்த வலியைத் தடுக்கத்தான் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை கோல்ச்சிசின் என்ற மருந்தைச் சின்ன அளவில் சேர்த்துக் கொடுக்கிறோம். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்.

பீரும் ஈரலும் குறைய வேண்டும், தண்ணீர் கூட வேண்டும், சரி. ஆனால் பத்தியம் மட்டும் போதும் என்று நம்பி வருடங்களைக் கடத்துவதுதான் எனக்கு வருத்தம். யூரிக் ஆசிடில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. பெரும்பாலோருக்குக் கோளாறு சாப்பாட்டைவிட, அதைச் சிறுநீரகம் போதுமான அளவு வெளியேற்றாததில்தான் இருக்கிறது. அந்தச் சிறுநீரகத்தைத்தான் மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை மேலும் கெடுக்கலாம்.

இன்னொன்று. ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஊசியால் நீரை எடுத்துப் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் மூட்டே போய்விடும். அறுபது தாண்டியவர்களின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கால்சியம் படிகங்களாலும் இதே போல வீங்கும். யூரிக் ஆசிட் மாத்திரை அதற்கு உதவாது.

அதே வாரம் வந்த ஆசிரியை கதை நேர்மாறானது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. பத்து அடி நடந்தால் குறைந்துவிடும். ரத்தம் பார்த்ததில் யூரிக் ஆசிட் 6.4, பக்கத்தில் சிவப்புக் குறி. அந்த ஒரு குறிக்காக ஐந்து மாதம் யூரிக் ஆசிடைக் குறைக்கும் ஃபெபுக்சோஸ்டாட் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் விட்டாயிற்று. வலி அப்படியே இருந்தது. ஏனென்றால் அது பாதத்தின் அடியில் இருக்கும் நார்ப்பட்டையின் வலி, கவுட் இல்லை. கவுட்டோ சிறுநீரகக் கல்லோ வராதவருக்கு ரிப்போர்ட்டில் எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் பொதுவாக மாத்திரை தேவையில்லை.

இறங்கும் முன் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணச் சொன்னேன், பத்து முறை. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பருப்பு போட்டு சாம்பார் வைக்கலாமா டாக்டர்?" என்றார். வைக்கலாம் அம்மா. பருப்பாலும் கீரையாலும் கவுட் வருவதில்லை. தக்காளியையும் தாராளமாகப் போடுங்கள்.