கார்டின் முழங்கால் எவ்வளவு காலம் தாங்கும்?

பெங்களூரில் அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கம் கூடைப்பந்து ஆடும் நம் பிள்ளைகளில் பலருக்கு கார்டு (guard) என்ற இடத்தில் ஆடத்தான் ஆசை. பந்தைக் கொண்டுபோவது, தடுப்பவரைத் தாண்டுவது, ஆட்டத்தை நடத்துவது எல்லாம் அவர் கையில். பயிற்சி நேரமெல்லாம் ஓடுவதற்கே போய்விடுகிறது. ஓட்டத்தில் சட்டென்று நிற்கக் கற்றுத்தருபவர்கள் குறைவு. ஆனால் ஒரு தொழில்முறை கார்டு பதினைந்து வருடம் ஆடுவாரா, ஐந்தில் முடங்குவாரா என்பதில் அந்த நிற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணால் பார்த்த ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். கார்டும் தடுப்பவரும் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டு சட்டென்று பிரேக் போடுகிறார். தடுப்பவரும் அதே பலத்தோடு பிரேக் போட்டாலும், 0.2 விநாடி தாமதமானதால் ஒரு மீட்டர் தள்ளிப்போய்த்தான் நிற்பார். எறிவதற்கு அந்த இடைவெளி தாராளம்.

சரி, இதற்கு உடல் கொடுக்கும் விலை என்ன? 80 கிலோ எடையுள்ளவர் அந்த வேகத்தில் ஓடும்போது அவரிடம் 1,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். ஒன்றேகால் மீட்டர் உயரத் திண்ணையிலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது இருக்கும் அதே அளவு. வேகமெடுக்கப் பல அடிகள் கிடைக்கின்றன. நிற்பதற்கோ இரண்டு மூன்று அடிதான். அதற்குள் தொடையின் முன்பக்கத் தசை, இழுபட்டு நீண்டுகொண்டே இறுகி, பெரும்பகுதி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து இங்கேதான். முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும்போது அந்தத் தசை இறுகினால் முன்னங்கால் எலும்பை முன்னால் இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது மூட்டுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற சிறிய நார். முழங்காலை நன்றாக மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நின்றால் தொடையின் பின்தசையும் எலும்பைப் பின்னால் இழுத்து உதவும். நிமிர்ந்து நிற்பவருக்கு அந்த உதவி குறைவு. கூடவே முழங்கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டால் நார் அறுந்தே போகலாம். கூடைப்பந்தில் ஏசிஎல் காயங்களில் பெரும்பாலானவை யாரும் வந்து மோதாமலேயே நடக்கின்றன.

கார்டாக ஆடிய டெரிக் ரோஸ் 2011-ல், 22 வயதில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் வேறு யாருமில்லை. 2012 ஏப்ரலில், ஓடிவந்து இரண்டு காலையும் ஊன்றி எழும்பிய ஒரு நொடியில் அவருடைய இடது முழங்காலில் அந்த நார் அறுந்தது. அப்புறமும் பல வருடம் ஆடினார்; பழைய பாய்ச்சல் முழுதாகத் திரும்பவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத காயம் அது.

பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2017-லும் 2019-லும் பெண்கள் ஆசியக் கோப்பை நம் கண்டீரவா உள்ளரங்கில்தான் நடந்தது. அதைப் பார்த்து ஆட வந்த சிறுமிகளுக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டும். தாழ்ந்து நிற்பது, மெத்தென்று தரையிறங்குவது, பின்தசையைப் பலப்படுத்துவது ஆகியவற்றை வார்ம்-அப்பிலேயே சேர்த்தால் காயம் குறைவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. சிமென்ட் தரையில் ஆடுபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மரத்தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது.

வயது ஏற ஏற வேகத் தசையிழைகள் மெலியும். அப்போது கைதான் காப்பாற்றும். ஜேசன் கிட் என்ற கார்டு 1994-ல் என்.பி.ஏ.வுக்கு வந்தபோது ஓட்டத்துக்கும் பாஸுக்கும் பேர்போனவர். தூரத்து எறிதல் சுமார்தான். 2004-ல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. எறிதலை அவர் வருடக்கணக்கில் செதுக்கினார். அதில் கோணம் முக்கியம். வளையத்தின் விட்டம் சுமார் 45 செ.மீ., பந்து 24 செ.மீ. 45 பாகைக் கோணத்தில் இறங்கும் பந்துக்கு 32 செ.மீ. வாசல் கிடைக்கும், 30 பாகையில் வெறும் 22.5, பந்து நேராக நுழையவே முடியாது. கிட் 38 வயதில் டல்லஸ் அணியோடு கோப்பை வென்றார். 2013-ல் ஓய்வுபெறும்போது மூன்று புள்ளி எறிதல்களில் 1,988 அவர் கணக்கில் இருந்தது.