மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் வராது

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சரிவான இடத்தில் காரை நிறுத்தினால் சீட் பெல்ட் வெளியே வர மறுக்கிறது. இழுக்க இழுக்க அடம்பிடிக்கிறது. அதே கார் சமதளத்தில் நிற்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பெல்ட் கெட்டுவிட்டதா, மாற்ற வேண்டுமா?"

பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. பெல்ட் சுற்றியிருக்கும் பெட்டிக்குள் ஓர் எஃகு உருண்டை இருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகப் பார்க்கிறது என்பதற்கு நீங்கள் சொல்வதே சாட்சி. ஏர்பேக், ஏபிஎஸ், ராடார், கேமரா என்று காருக்குள் என்னென்னவோ வந்துவிட்டன. எனக்கென்னவோ இன்றும் அந்த உருண்டையின் மேல்தான் பிரியம். அதற்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். காரை அணைத்துவிட்டு பேட்டரியையே கழற்றி வைத்தாலும் வேலை செய்யும்.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கை முடித்துவிடுவோம். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அதுதான். கார் சுவரில் மோதி நின்றாலும் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார்; நியூட்டனின் முதல் விதி. அவர் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பெல்ட் இல்லாமல் டாஷ்போர்டில் மோதி 5 செ.மீ.க்குள் நின்றால், புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 200 மடங்கு, அதாவது 200 ஜி. காரின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி, பெல்ட்டும் இன்னொரு 20 செ.மீ. விட்டுக்கொடுத்தால் அதே ஆள் சந்திப்பது சராசரியாக 14 ஜி மட்டுமே.

14 ஜியை உடம்பு தாங்குமா? சரியாகக் கட்டிப்போட்டால் அதற்கு மேலும் தாங்கும். 1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் போய், சட்டென்று நின்று பார்த்தார். உச்சத்தில் 46 ஜி. கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. அதன்பின் 89 வயதுவரை வாழ்ந்தார்.

"ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துச் சமாளித்துவிடுவேன்" என்பவர்களுக்கு ஒரு பெருக்கல்: 70 கிலோ ஆளுக்கு 14 ஜி என்றால் கைகள் தாங்க வேண்டியது ஏறக்குறைய ஒரு டன். மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தை அந்த நேரத்தில் 140 கிலோ கனக்கும். எந்தத் தாயின் பிடியும் நிற்காது.

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின்; கார்களில் வந்தது 1959-இல். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கியெறியும் அமைப்பில் வேலை பார்த்தவர். போலினின் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. நீளம் மாறாத பெல்ட்டை இறுக்கிப் போட்டால் குனிந்து எதையும் எடுக்க முடியாது. தளர்த்திப் போட்டால் போட்டும் பயனில்லை. தேவைக்கேற்ப நீண்டு, மிச்சத்தைத் தானே சுருட்டிக்கொள்ளும் பெல்ட் வேண்டும் என்று ஹண்டர் ஷெல்டன் என்ற நரம்பியல் மருத்துவர் 1955-லேயே எழுதியிருந்தார். தலையில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனிதர்.

சுருட்டிக்கொள்வது எளிது. உருளையின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லைப் பொருத்தினால் போதும். கடினமானது பூட்டு. நாள் முழுக்க தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த ஒரு கணத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். அந்தக் கணம் வந்துவிட்டதென்று யார் சொல்வது?

உருண்டை சொல்கிறது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கும். (கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், இன்றைய பெட்டிகளில் வெடிமருந்தும் இருக்கிறது.) உள்ளே ஆழம் குறைந்த கூம்புக் குழியில் ஒரு சிறிய எஃகு உருண்டை சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைமேல் ஒரு மெல்லிய நெம்புகோல். நெம்புகோலின் நுனிக்குச் சற்று மேலே, பெல்ட் உருளையோடு சேர்ந்து சுற்றும் பற்சக்கரம். கார் திடீரென்று வேகம் குறைந்தால் உருண்டை மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. குழியின் சரிவில் ஏறுகிறது. நெம்புகோல் துளி உயர்கிறது, நுனி பல்லில் மாட்டுகிறது. குழி வட்டமானது என்பதால் எந்தப் பக்கத்திலிருந்து அடிபட்டாலும் இதே கதைதான்.

இதற்குமேல்தான் அழகே. அந்த நுனி பிளாஸ்டிக். ஒரு டன் பாரத்தை அது எப்படித் தாங்கும்? தாங்க வேண்டியதே இல்லை. அது பற்சக்கரத்தை மட்டும் நிறுத்துகிறது. முன்னால் சாயும் பயணியின் உடம்பு பெல்ட்டை இழுக்க, உருளை இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. நின்றுபோன சக்கரத்துக்கும் சுற்றும் உருளைக்கும் இடையில் விழும் அந்தச் சிறிய வித்தியாசம், எஃகுக் கொக்கி ஒன்றை வெளியே தள்ளி, பெட்டிச் சட்டத்தின் தடித்த பற்களில் மாட்டிவிடுகிறது. பயணியின் எடையே அவரைப் பிடிக்கும் பூட்டைப் போடுகிறது; உருண்டையின் வேலை தகவல் சொல்வதோடு சரி.

வாசகரின் சரிவுக்கு வருவோம். குழியில் கிடக்கும் உருண்டைக்கு, கார் பிரேக் அடிக்கிறதா அல்லது சரிவில் சாய்ந்து நிற்கிறதா என்று பிரித்தறியத் தெரியாது. இதை அதன் குறையாகச் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலுக்கு அடித்தளமாக வைத்ததே இந்தச் சமானம்தான்: மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டு முடுக்கத்தையும் ஈர்ப்பையும் வேறுபடுத்த முடியாது. 24 டிகிரி சாய்வில் நிற்கும் கார் உருண்டையிடம் செய்வதும், 0.45 ஜி பிரேக் செய்வதும் ஒன்றே. சீட் பெல்ட்டுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 16 கேட்பதும் இதையொட்டியே இருக்கிறது. வழக்கமான பெட்டி 0.45 ஜியில் பூட்டிக்கொள்ள வேண்டும். 12 டிகிரி வரை சாய்த்தால் பூட்டக் கூடாது. 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். நடுவில் எங்கே பூட்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். செங்குத்தான சரிவோடு ஒரு பக்கச் சக்கரம் மேடேறியும் நின்றால் அந்த நடுப்பகுதிக்குள் எளிதாக நுழைந்துவிடுவோம்.

சமதளத்திலும் வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதே, அது இன்னொரு காவலாளி. உருளையோடு ஒரு சிறிய கனத்த வட்டு மெல்லிய வில்லால் பிணைக்கப்பட்டிருக்கிறது. மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். பெல்ட் விருட்டென்று பாய்ந்தால், பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வதுபோல வட்டு பின்தங்கும். அந்தப் பின்தங்கல் அதே கொக்கியைத் தட்டிவிடும். பெல்ட்டின் முடுக்கம் 0.8 ஜிக்குக் கீழே இருந்தால் இது பூட்டக் கூடாது என்பது விதி. இல்லாவிட்டால் அவசரக்காரர்கள் யாரும் பெல்ட் போடவே முடியாது.

பூட்டிய பெல்ட்டை மேலும் மேலும் இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொக்கியும் பற்களும், இழுக்க இழுக்க இறுகும்படிச் சரித்து வெட்டப்பட்டவை. கையை விட்டு, பெல்ட் கொஞ்சம் உள்ளே போனால்தான் கொக்கி கழன்று வரும். பிறகு நிதானமாக இழுத்தால் போதும். சரிவில் அதுவும் நடக்காவிட்டால் பெல்ட் போடாமலேயே பயணத்தைத் தொடராதீர்கள். சமமான இடம்வரை ஊர்ந்து போய் அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

மோதலின்போது இதன்மேல் இன்னும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மோதலை உணர்ந்த சில மில்லி விநாடிகளில் ப்ரீடென்ஷனர் என்ற இறுக்கும் கருவியின் வெடிமருந்து தீப்பற்றி, உருளையைப் பின்னோக்கிச் சுழற்றி, தொளதொளவென்று கிடக்கும் பெல்ட்டை உடம்போடு இழுத்து ஒட்டவைக்கிறது. அடுத்து, உருளையின் நடுவே ஓடும் ஒரு எஃகுத் தண்டு. அதன் ஒரு முனை பூட்டோடும் மறுமுனை உருளையோடும் பிணைந்திருக்கிறது. இழுவிசை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தண்டு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. இல்லையென்றால் பெல்ட்டே விலா எலும்பை உடைத்துவிடும். முறுக்கிய தண்டு பழைய நிலைக்குத் திரும்பாது. பெரிய மோதலுக்குப் பின் பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பெட்டியோடு மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஏர்பேக் இந்தக் கூட்டத்தில் கடைசியாக வரும் விருந்தாளி. அது விரிவது இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. பெல்ட் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் உடம்பை ஏந்துவதற்காக அளவெடுத்துச் செய்தது அது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்து வருபவருக்கு அந்த விரிதலே அடியாக விழும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ.யாவது இருக்கட்டும். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, செயல்பாட்டில் இருக்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் படாமல் இடுப்பெலும்பில் படியட்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்கும் கீழே. இருக்கையை மல்லாக்கச் சாய்த்துப் படுத்துவிட்டால் பெல்ட்டுக்கு அடியில் உடம்பு வழுக்கிப் போய்விடும். மேலே சொன்ன தொழில்நுட்பம் எதுவும் அப்போது உதவாது.

எச்சரிக்கை மணியை ஏமாற்ற, பெல்ட் இல்லாமல் வெறும் கொளுவியை மட்டும் வாங்கிச் சொருகுபவர்கள் உண்டு. பல கார்களில் ஏர்பேக்கை எப்போது வெடிக்கவைப்பது என்று முடிவெடுக்கும் கணினி, பெல்ட் போட்டிருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுக்கிறது. பொய்த் தகவலை வைத்து அது முடிவெடுக்கும் என்று அந்தக் கொளுவியை விற்பவர் சொல்வதில்லை. தீப்பிடித்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் அப்படித்தான் கேள்விப்பட்ட கதை. விபத்துகளில் தீப்பிடிப்பவை மிகச் சில. அவற்றிலும் தப்பி வெளியேற நினைவோடு இருக்க வேண்டும். அந்த நினைவைக் காப்பாற்றித் தருவது பெல்ட்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். மோதல் சோதனைகளில் உட்காரவைக்கும் பொம்மை பல பத்தாண்டுகளாகச் சராசரி ஆணின் உடம்பு. பெண் பொம்மை என்று வைத்தது பெரும்பாலும் அதையே சுருக்கிய வடிவம். சராசரிப் பெண்ணின் உடலமைப்பில், 162 செ.மீ., 62 கிலோ அளவில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022-இல்தான் காட்டியது. மனித குலத்தில் பாதிப்பேருக்குப் பொம்மை செய்ய இவ்வளவு காலம் ஆனதற்கு அறிவியலில் காரணம் எதுவும் இல்லை. பணம் எங்கே போனது என்பதே காரணம்.

அந்த வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பின் இருக்கை பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டால், திரும்பும்போது "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறது, அதன்பின் வெளியே வருவதே இல்லை. சில கார்களில் குழந்தை இருக்கையை அசையாமல் கட்டுவதற்காகவே வைத்திருக்கும் ஏற்பாடு அது. கடைசிச் சுற்றுவரை இழுத்ததும் உருளை ஒருவழிப் பாதையாகிவிடும். உள்ளே போகும், வெளியே வராது. கொளுவியைக் கழற்றி, பெல்ட்டை முழுவதுமாக உள்ளே போகவிட்டால் மறுபடி சாதாரண பெல்ட்.