லோகோ நம்முடையது, சரக்கு யாருடையது? வைட் லேபிள் எடுக்கும் முன்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இப்போது வேலை வேறு மாதிரி வருகிறது. பிரிண்டர் பழுதுக்குக் கூப்பிட்ட பால் சங்கமே, "பில் போடுற சாஃப்ட்வேர், மெம்பர்களுக்கு எஸ்எம்எஸ், கேமரா எல்லாம் நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க" என்கிறது. கடையில் இருப்பதோ இரண்டு பையன்கள். சாஃப்ட்வேர் எழுதி முடிப்பதற்குள் சங்கத் தேர்தலே வந்துவிடும். அதனால் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஒரு கம்பெனி செய்து வைத்திருப்பதை எடுத்து, நம் பெயரைப் போட்டு, நம் விலைக்கு விற்கிறோம். வைட் லேபிள் என்பது இதுதான்.

பாலக்காட்டில் இந்த ஒப்பந்தங்களை எழுதிக் கொடுப்பதும், முறிந்தபின் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும் என் தொழில். இந்த முறையை வேண்டாம் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. எல்லைப்புறத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பெரிய கம்பெனியிடம் சரக்கு இருக்கிறது. தென்னந்தோப்புக்காரரிடம் தமிழிலும் பஞ்சாயத்து ஆபீசில் மலையாளத்திலும் பேசிச் சமாளிக்கும் ஆள் நம் கடையில்தான் இருக்கிறார். முதன்முதலில் இறங்குபவர்கள் ஹோஸ்டிங், டொமைன், இமெயிலில் தொடங்கலாம். ஒருவர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம். டொமைனை மட்டும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள்.

எஸ்எம்எஸ் அப்படி எளிதல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, செய்தி அனுப்பும் சங்கமே தன் ஆவணங்களைக் கொடுத்து டிஎல்டி என்னும் டெலிகாம் கம்பெனிகளின் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் அதன் கீழ்தான் அனுமதி பெறும். இடையில் நிற்கும் நம் கடையும் பின்னால் இருக்கும் கம்பெனியும் சங்கிலியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி நெட்வொர்க்கிலேயே நின்றுவிடும். இங்கே லேபிளுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நல்லதுதான்.

விலை சொல்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ், மலையாளத்துக்கு யூனிகோட் என்பதால் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். 'கட்டணம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணக்கில் 7. நீளமாகிப் பிரிந்தால் ஒரு பகுதிக்கு 67 மட்டுமே. பின்னால் இருப்பவர் ஆங்கிலச் செய்தியை மனதில் வைத்துச் சொன்ன விலையை அப்படியே சங்கத்திடம் சொல்லிவிட்டு, தமிழில் ஒவ்வொரு செய்தியும் மூன்றாகப் போவதைப் பார்த்துக் கைக்காசு போட்டவர்கள் உண்டு.

"லோகோ மாத்தீட்டா நம்ம சாஃப்ட்வேர்தானுங்களே சார்?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதியவரே முதல் உரிமையாளர். தமிழ், மலையாளம் இரண்டிலும் பில் வரும்படி நாம் பணம் கொடுத்து மாற்றச் சொன்ன பகுதிகூட, எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாவிட்டால் வெளிக் கம்பெனிக்கே சொந்தம். எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 19ஆவது பிரிவின்படி 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

உரிமையைவிட எனக்குக் கவலை தருவது கணக்கு. என்னிடம் வந்த ஒரு விஷயத்தில், பின்னால் இருந்த கம்பெனி கைமாறியது. புதியவர் மாதக் கட்டணத்தை ஏற்றினார், கடைக்காரர் மறுத்தார், சாஃப்ட்வேருக்குள் நுழையும் பேனல் பூட்டப்பட்டது. விவசாயிகளின் பால் கணக்கு முழுக்க அந்த சர்வரில். சங்கத்துக்கு அந்தக் கம்பெனியின் பெயர்கூடத் தெரியாது. பில்லில் இருப்பது கடைக்காரர் பெயர், சண்டைக்கு வந்ததும் அவரிடம்தான். ஒப்பந்தத்தில் விலைக்கு நாலு பக்கம் இருந்தது, பிரியும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி இல்லை. எக்செலில் திறக்கக்கூடிய முழு நகல் மாதாமாதம் நம் கைக்கு வர வேண்டும், பணத் தகராறு இருந்தாலும் குறிப்பிட்ட காலம் வரை பேனலைப் பூட்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் கையெழுத்துப் போடாதவரிடம் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

தகவல் திருட்டும் இதில் சேரும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். கம்பெனிக்காரர் நம்மிடம் மறுநாள் சொன்னால் நாம் என்ன செய்வது? நமக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். 2023இன் தனிநபர் தரவுச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டம் முதலில் சங்கத்தைத்தான் கேட்கும். சங்கம் நேராக நம் கடை வாசலுக்கு வரும்.

கேமரா, ரவுட்டரில் ஸ்டிக்கர் அடிப்பவர்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுபவரும் அதில் 'உற்பத்தியாளர்'தான். கேமராவின் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவில் நம் பிராண்ட் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாளையாறு செக்போஸ்ட்டில் வரித்துறை லாரியை நிறுத்திய காலம் 2017உடன் போய்விட்டது, எல்லை மட்டும் பில்லில் அப்படியே இருக்கிறது. கேரளக் கடை பொள்ளாச்சியிலுள்ள ஜிஎஸ்டி பதிவுள்ள வாடிக்கையாளருக்கு சேவை விற்றால் 18 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஜிஎஸ்டி. சர்வர் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், சேவையை அடுத்த மாநிலத்துக்கு விற்கப் பதிவு தேவையில்லை. பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பொள்ளாச்சியில் ஒரே ஒரு கேமரா விற்று மாட்டிக் கொடுத்தாலும் பதிவு கட்டாயம்.

பெயரைப் போட்டு விற்கப் போகிறோம் என்றால் அந்தப் பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும். டிரேட்மார்க்கில் சாஃப்ட்வேர் 9ஆம் வகுப்பு, ஐடி சேவை 42. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனியுடன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.