கவரை மாற்றும் முன் சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நெடும்பயணத்துக்குத் தயாராகும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கவர் போட்டால் முதுகு வலிக்காது? லெதரா, ரெக்சினா, துணியா? கார் சீட் தைப்பது என் தொழில். கேள்வியைக் கேட்டதும் என் கை துணி ரோலுக்குப் போகாது, சீட்டுக்கு அடியில்தான் போகும். வலியின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு உயர்ந்த கவர் மாட்டினாலும் மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பு பழையபடி வலிக்கத் தொடங்கிவிடும்.

1950, 60களில் வந்த கார்களில் சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன் வேலையில் சீட்டும் பங்கெடுத்தது. இரும்புச் சட்டம், அதன்மேல் சுருள் ஸ்பிரிங், ஸ்பிரிங் மேலே குத்தாமல் இருக்கச் சாக்குத் துணி, அதற்கு மேல் குதிரை முடியோ தேங்காய் நாரோ வைத்த திண்டு, பிறகு பஞ்சு, கடைசியில்தான் கவர். பல பிரிட்டிஷ் கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பட்டைகளைக் குறுக்கே இழுத்து மாட்டியிருப்பார்கள். பிரெல்லி வெப்பிங் என்று இதைச் சொல்வார்கள். வயதானால் இந்த ரப்பர் இறுகி, விரிசல் விட்டு, ஒரு நாள் அறுந்துவிடும். உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் பாதிப்பது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக வரும் ஆட்டம். ஸ்பிரிங்கும் பட்டையும் செத்துப்போனால் சாலையிலிருந்து வரும் அந்த ஆட்டத்தை உங்கள் கீழ் முதுகுதான் வாங்கிக்கொள்ளும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சீட்டை முன்னே தள்ளிவிட்டு அடியிலுள்ள தரை விரிப்பைத் தடவிப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் ஃபோம் மக்கிவிட்டது. பழுப்பு நிறத் துகள் என்றால் நார்த் திண்டு உதிர்கிறது. அடுத்து, சீட்டின் குறுக்கே ஒரு நேரான மரச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கம் தாழ்ந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் முழு எடையும் அந்த ஓரத்தில்தான் விழுகிறது, அதனால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்தான் முதலில் சாய்கிறது. ஒரு விரல் பருமன் சாய்ந்தாலே இடுப்பெலும்பு கோணலாகிவிடும், முதுகெலும்பு அதற்கு ஈடுகொடுத்து மறுபக்கம் வளைந்தே இருக்கும். “ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். (பின் பாக்கெட்டில் மணிபர்ஸோடு ஓட்டுகிறவர்களுக்கும் இதே வலி வரும். அதை மட்டுமாவது இன்றே எடுத்து வையுங்கள்.)

ஃபோம் மாற்றும்போது டென்சிட்டியையும் கடினத்தையும் ஒன்றென்று நினைத்துக் கேட்கிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதை ஓரளவு காட்டும். உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்பது வேறு கணக்கு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் கிடைக்கும், கட்டியாகவும் கிடைக்கும். ஓட்டுநர் சீட்டுக்கு 40 டென்சிட்டிக்குக் குறைவாக நான் வைப்பதில்லை. அடியில் கட்டியான அடுக்கு, மேலே மெல்லிய மிருதுவான அடுக்கு, தொடை இறங்கும் முன் விளிம்பில் இன்னும் சற்று மிருதுவாக. முன் விளிம்பு கட்டியாக இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், கால் மரத்துப்போகும். மெமரி ஃபோம் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அது வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். வெயிலில் நிறுத்திய காரில் ஏறி உட்கார்ந்தால் நேராக அடிவரை அமுங்கிவிடும்.

சரி, இப்போது கவர். இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு, இறுக்கம். சுருக்கம் இல்லாமல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கவரை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் நீங்கள் ஃபோமின் மேல் உட்காரவில்லை, துணியின் மேல் உட்காருகிறீர்கள். உட்காரும்போது எடையின் பெரும்பகுதியைத் தாங்கும் இரண்டு எலும்பு முனைகள் ஃபோமுக்குள் சற்று இறங்க வேண்டும், அப்போதுதான் சுற்றியுள்ள சதை பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இறுகிய துணி அதை இறங்க விடாது. அந்தக் காலத்துக் கவர்களில் குழல் குழலாக நீளவாட்டில் தைத்திருப்பார்களே, அது அழகுக்கு மட்டும் இல்லை. அமுங்கும்போது விரிந்துகொடுக்க அந்த மடிப்புகளில் இடம் இருக்கும். புதிதாகத் தைக்கும்போது அந்தக் குழல்களைத் தவிர்த்துவிட்டு ஒரே தட்டையாக வெட்டச் சொல்லாதீர்கள். கவரை அடியில் கம்பியோடு பிடித்து வைக்கும் ஹாக் ரிங்குகளை மாட்டும் முன், ஓட்டுபவரையே ஒருமுறை உட்காரச் சொல்லி, அமுங்கிய நிலையில் துணி எவ்வளவு கேட்கிறது என்று நான் பார்த்துவிடுவேன்.

இன்னொன்று காற்று. பழைய லெதர், ரெக்சின் சீட்டுகள் சிலவற்றின் பக்கவாட்டில் பித்தளை வளையம் பொருத்திய சின்னத் துளைகள் இருக்கும், கண்கள் என்போம். நீங்கள் உட்காரும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறவும் எழும்போது உள்ளே போகவும் வைத்த வழி அது. புதுக் கவர் தைக்கிறவர் அதைத் தேவையற்ற அலங்காரம் என்று விட்டுவிட்டால், காற்று போக்கிடம் இல்லாமல் தையல் ஓரங்களைப் பிளந்துகொண்டு வெளியேறும். கண்களைத் திரும்பப் பொருத்துங்கள், அல்லது பக்கவாட்டில் காற்றுப் புகும் துணி வையுங்கள்.

எந்தத் துணி? நாள் முழுக்க ஓட்டுபவருக்கு என் முதல் தேர்வு கம்பளி கலந்த துணிதான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. செம்மறித் தோல் கவரில் முதுகு வியர்வையில் நனையாமல் இருப்பதும் இதனால்தான். ரெக்சின் துடைக்க எளிது, ஆனால் மூச்சு விடாது. அதுதான் வேண்டும் என்றால் உட்காரும் நடுப்பகுதியில் மட்டும் துணியும் ஓரங்களில் ரெக்சினும் வைத்துத் தைக்கலாம். தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுவிடும்.

காரோடு வந்த அசல் லெதர் இன்னும் இருக்கிறதா? அதைக் கிழித்தெறிய வேண்டாம். மேலே கழற்றி மாட்டும் கவர் போடுங்கள். ஆனால் அடியில் ரப்பர் பூச்சு உள்ள கவர் வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், கறையும் விழும்.

ரெடிமேட் கவரில் கவனிக்க வேண்டியது எலாஸ்டிக் பட்டையும் கொக்கியும். அது சீட் முன்பின் நகரும் தடமான சீட் ரன்னரில் சிக்கினால் பூட்டு முழுதாக விழாது. பிரேக் மிதித்த நேரத்தில் சீட் முன்னே வழுக்கும். மாட்டியதும் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வோர் இடத்திலும் பூட்டு விழும் சத்தத்தைக் கேளுங்கள். வழுக்கும் துணியும் ஆபத்துதான். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வோல்வோவுக்காகப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959இல். பல பழைய கார்களில் இன்றும் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். துணி வழுக்கினால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி, பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடும். அதேபோல் கவருக்கு மேல் தடிமனான குஷன் போட்டால் உயரம் கூடும், பெரிய ஸ்டீயரிங்குக்கும் தொடைக்கும் நடுவே இடம் குறையும், பின்னால் பார்க்கும் கண்ணாடியின் கோணமும் மாறும்.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காரின் உட்புறப் பொருட்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1972இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சீட்டுகள் அந்தச் சோதனையைச் சந்தித்தவை அல்ல. வீட்டு சோபாத் துணியை வாங்கி வந்து தரும்போது, வாகனத்துக்கான தீத் தடுப்பு அளவு அதில் குறித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். அதில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எடையுள்ள ஒருவர் உட்கார்ந்து ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டால் பொறி பறந்து திண்டு பற்றிக்கொள்ளும். பின் சீட் கவரை மாற்றக் கழற்றும்போதே பேட்டரியின் மேல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மூடி போட்ட பிறகுதான் சீட்டைத் திரும்ப வையுங்கள்.