பொள்ளாச்சிக் கடன் கொழிஞ்சாம்பாறைக்குத் தெரியாதா?

கடன் மதிப்பெண் தொல்லையோடு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். முதல் மூன்று பேரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். இவரிடம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாவம், அவர் மேல் மட்டும் தப்பில்லை.

கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆறு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். இன்னும் இரண்டு மாடு வாங்கக் கடன் கேட்டார். சிபில், அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதற்கான மதிப்பெண், சரியில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். 'சிபில் ஏற்றித் தருகிறேன்' என்ற ஒரு ஏஜென்டிடம் 6,000 ரூபாய் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் போனால் வங்கியில் அதே பதில். அப்புறம்தான் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு காலையில் இப்படி யாராவது தாளும் கையுமாக வருவார்கள்.

அவர் போனிலேயே அவருடைய கடன் அறிக்கையை எடுத்தோம். 2019இல் பொள்ளாச்சியில் தவணைக்கு வாங்கிய ஒரு செல்போன். கடைசி மூன்று தவணை நிலுவை. ஏன் கட்டவில்லை என்றேன்.

"போன் தொட்டியில விழுந்து செத்துப் போச்சுங்க சார். இல்லாத போனுக்கு எதுக்குங்க கட்டறது? அதுவுமில்லாம அது தமிழ்நாட்டுக் கடன், இங்க இருக்கிற பேங்குக்கு எப்படிங்க தெரியும்?"

போன் செத்தாலும் கடன் சாகாது. அதைக்கூட விடுங்கள். இந்த 'அந்தப் பக்கத்துக் கடன் இந்தப் பக்கம் தெரியாது' என்ற நம்பிக்கை நம் எல்லை ஊர்களில் ஊறிக் கிடக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட் லாரிக்குத்தான், கடன் கணக்குக்கு இல்லை. கடன் விவரங்களைச் சேர்த்து வைக்க நாடு முழுவதற்கும் நான்கே நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, கடன் கொடுத்தவர் விவரத்தை இவர்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும். பான் எண் ஒன்றுதானே?

சரி, அந்த ஏஜென்ட் 6,000 ரூபாய்க்கு என்ன செய்தார்? அபராதத்தோடு பாக்கி 5,100 இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் பேசி, நம்மவரைத் தனியாக 3,000 கட்டவைத்து முடித்துக் கொடுத்திருக்கிறார். நம்மவருக்கு 2,100 மிச்சம் என்று சந்தோஷம். அறிக்கையில் என்ன விழுந்தது தெரியுமா? 'செட்டில்டு'. 'குளோஸ்டு' இல்லை. முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம். வங்கி மேலாளர் கண்ணுக்கு முதலில் படுவது அந்தச் சொல்தான். ஆக 9,000 செலவழித்து, 5,100இல் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டியதைக் கறையாக்கிக்கொண்டார்.

இதை எத்தனை முறை சொல்வது! சிபில் அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து உங்களுக்கு மார்க் போடுவதில்லை. கடன் கொடுத்தவர் அனுப்பியதை அப்படியே வைத்திருப்பார்கள், அதிலிருந்து 300க்கும் 900க்கும் நடுவே ஒரு எண் வரும். தப்பு இருந்தால் கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு திருத்தி அனுப்ப வேண்டும். உண்மையாகவே கட்டாமல் விட்டிருந்தால் அதை அழிக்க ஒருவராலும் முடியாது. 'உள்ளே எனக்கு ஆள் இருக்கு' என்று சொல்கிறவருக்கு எந்த உள்ளேயும் ஆள் இல்லை. பெரும்பாலும் அவர் செய்யும் வேலை, நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய புகாரை உங்கள் பெயரில் போடுவது. உங்கள் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு!

உங்களுக்கு என்ன உரிமை என்று கேளுங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017இலிருந்து இது நடைமுறை. நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. பத்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தால்தான் குறையும். தப்பு இருந்தால் அவர்கள் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். இது 2024 ஏப்ரலில் இருந்து. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இன்னொரு தலைவலி, பெயர். தமிழ்நாட்டில் படித்தவருக்கு அப்பா பெயர் இனிஷியல், கேரளக் காகிதத்தில் வீட்டுப் பெயர் இனிஷியல், பான் கார்டில் இரண்டும் விரிந்து மூன்றாவதாக ஒரு பெயர். இப்படி இருக்கிற ஒருவர் அறிக்கையில் யாரோ ஒருவருடைய டிராக்டர் கடனைப் பார்த்திருக்கிறேன். ஆதாரையும் பானையும் முதலில் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் உச்சத்தில் இருக்கும் என்பதும் தப்பு. அவருக்கு வரலாறே இருக்காது. ஊர்க் குறியை, அதாவது சீட்டை, இருபது வருடம் தவறாமல் கட்டியிருந்தாலும் அது எந்த அறிக்கையிலும் ஏறாது. பிளேடுக்காரரிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், கட்டிய வட்டியும் அப்படித்தான். வங்கியில் சின்ன நகைக் கடன் வாங்கி நாள் தவறாமல் திருப்புங்கள், இல்லை டெபாசிட் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி மாதம் மளிகைக்கு மட்டும் தேய்த்து முழுத்தொகையையும் கட்டுங்கள். முழுத்தொகை. இந்த மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்கிற 'மினிமம் டியூ' வரியைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும், அவர் தவறினால் உங்களிடம்தான் வருவார்கள்.

மாட்டுக்காரர் இப்போது மீதி 2,100ஐக் கட்டி, நிலுவை இல்லை என்று சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். தாமதம் ஆனது ஆனதுதான், அந்த மாதங்களின் தடம் இன்னும் சில வருடம் அறிக்கையில் இருக்கும். மாடு இரண்டில்லாமல் ஒன்றாக வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

வருகிறவர்கள் வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஏஜென்டிடம் போவதற்கு முன்னால் வாருங்கள். பான் கார்டும், ஓடிபி வரும் போனும் கையில் இருக்கட்டும். போன் பையனிடம் இருக்கிறது, அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.